எஸ்எஸ்டி, மெமரி கார்டு, பென்டிரைவ்: கோப்பு முறைமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கணினி பழுது பார்க்கும் என் கடைக்கு வருபவர்கள், தொழில் வேறாக இருந்தாலும், சந்தேகங்களை ஒன்றாகத்தான் கொண்டுவருகிறார்கள். டவுனில் ஸ்டுடியோ வைத்திருப்பவரும், கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கம்பெனிக் கணக்கைப் பார்ப்பவரும், இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகளும் கேட்டவற்றைக் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கோப்பு முறைமை என்பது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த இடம் காலி என்று இயக்க முறைமை குறித்து வைத்துக்கொள்ளும் முறை. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லாமல், கேள்வி எண்ணை மட்டும் குறித்திருக்கிறேன்.

1. "அண்ணாச்சி, எஸ்எஸ்டியும் ஒரு ஹார்ட் டிஸ்க்தானே? அதற்கு மட்டும் தனியாக என்ன பக்குவம்?"

வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்; உள்ளே எழுதும் முறை வேறு. ஹார்ட் டிஸ்க்கில் பழைய தகவலின் மேலேயே புதியதை எழுதிவிடலாம். 1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தில் (எஸ்எஸ்டி, பென்டிரைவ், மெமரி கார்டு மூன்றிலும் இருப்பது இதுதான்) அது நடக்காது. அதில் எழுதுவது பக்கம் பக்கமாக நடக்கும். ஒரு பக்கம் பெரும்பாலும் 4 முதல் 16 கேபி வரை இருக்கும். ஆனால் அழிப்பதென்றால், நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு பிளாக்கை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். அழிக்காத பக்கத்தில் மறுபடி எழுதவும் முடியாது.

பழைய பலசரக்குக் கடைகளின் நாள்வழி நோட்டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மையால் எழுதிய வரி தவறென்றால் அதைச் சுரண்டித் திருத்த மாட்டார்கள். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அடுத்த காலி வரியில் புதிதாக எழுதுவார்கள். நோட்டு நிறைந்ததும், அடிபடாமல் நிற்கும் வரிகளை மட்டும் புது நோட்டுக்குப் பெயர்த்து எழுதுவார்கள். ஃபிளாஷ் சிப்பும் அப்படியே செய்கிறது. பழைய நோட்டைத் தூக்கிப் போடாமல், முழுவதையும் துடைத்து மறுபடி பயன்படுத்துகிறது என்பது மட்டுமே வேறுபாடு. அப்படித் துடைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. தகவலைத் தாங்கும் நுண்ணறையான ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் வைக்கும் எஸ்எல்சி வகைக்கு ஒரு லட்சம் முறை என்பார்கள். இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் மூன்று பிட் டிஎல்சி வகைக்கு ஏறத்தாழ ஆயிரம் முதல் மூவாயிரம் முறை. நான்கு பிட் கியூஎல்சிக்கு அதனினும் குறைவு.

2. "நான் சேமிக்கிற ஃபைல் சிப்பில் எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்று தெரிந்துகொள்ள முடியுமா?"

முடியாது, தெரிந்தாலும் அடுத்த நாள் அது வேறிடத்தில் இருக்கலாம். எஸ்எஸ்டி, பென்டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றிலும் ஃபிளாஷ் சிப்பை நிர்வகிக்கும் ஒரு கண்ட்ரோலர் உட்கார்ந்திருக்கிறது. கோப்பு முறைமை "500-ஆம் செக்டாரில் எழுது" என்று சொன்னால், கண்ட்ரோலர் தன் விருப்பப்படி ஒரு காலிப் பக்கத்தில் எழுதிவிட்டு, 500 என்பது இப்போது இன்ன பக்கம் என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். எல்லாப் பிளாக்குகளும் ஒரே சீராகத் தேயும்படி பார்த்துக்கொள்வதும் அதன் வேலைதான். ஆகவே கோப்பு முறைமையைச் சீர்ப்படுத்துவது என்று நாம் பேசுவதெல்லாம், இந்தக் கண்ட்ரோலருக்கு வீண் வேலை வைக்காமல் இருப்பது எப்படி என்பதைப் பற்றியதுதான்.

3. "பாதிக்கு மேல் அழித்துவிட்டேன், இடமும் காலி என்றுதான் காட்டுகிறது. பிறகும் ஏன் வேகம் வரவில்லை?"

நீங்கள் அழித்தது கோப்பு முறைமைக்குத் தெரியும், கண்ட்ரோலருக்குத் தெரியாது. ஒரு கோப்பை அழிக்கும்போது கோப்பு முறைமை தன் குறிப்பில் மட்டும் அந்த இடம் காலி என்று எழுதிக்கொள்கிறது. கண்ட்ரோலரோ, அந்தப் பக்கங்களில் இருப்பது இன்னும் வேண்டிய தகவல் என்று நினைத்து, பிளாக்கைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றையும் சுமந்துகொண்டு வேறிடத்துக்குப் பெயர்த்து எழுதும். நாள்வழி நோட்டில் கோடு போட மறந்துவிட்டால், வேண்டாத வரியையும் புது நோட்டில் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்தக் கோட்டைப் போடும் கட்டளைக்குத்தான் டிரிம் என்று பெயர். விண்டோஸில் 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதலும், லினக்ஸில் 2010-இல் வெளியான 2.6.33 கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) முதல், அதன் வழக்கமான கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4-க்கும் இது கிடைக்கிறது. இன்றைய விண்டோஸில் "ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்" என்ற சாளரத்தைத் திறந்தால் வாரம் ஒரு முறை தானாக நடக்கும் இது கடைசியாக எப்போது நடந்தது என்று காட்டும். என் கடைக்கு "மெதுவாகிவிட்டது" என்று வரும் கணினிகளில் முதலில் இதைத்தான் பார்ப்பேன். வேகம் கூட்டும் மென்பொருள் என்று எதையோ நிறுவி, அது இந்த வாராந்தர வேலையை நிறுத்தி வைத்திருந்ததை ஒன்றிரண்டு முறை கண்டிருக்கிறேன்.

பென்டிரைவ்கள் பெரும்பாலும் டிரிம் கட்டளையை ஏற்பதில்லை. யூஎஸ்பி உறையில் போட்ட எஸ்எஸ்டிக்கு, அந்த உறையில் உள்ள பாலச் சிப் கட்டளையைக் கடத்தினால்தான் டிரிம் போய்ச் சேரும்.

4. "வாரம் தவறாமல் டிஃப்ராக் செய்கிறேன். நல்லதுதானே?"

ஹார்ட் டிஸ்க்கில் நல்லது, இதில் வீண். சிதறிய துண்டுகளை அருகருகே சேர்ப்பது, ஊசி போன்ற தலை அங்குமிங்கும் ஓடாமல் இருப்பதற்காக. ஃபிளாஷில் ஓடுவதற்குத் தலையே இல்லை. சேர்த்து வைத்தாலும் சிப்பில் அவை சேர்ந்திருக்கும் என்ற உறுதியும் இல்லை (2-ஆம் கேள்வி). எழுதும் ஆயுள்தான் செலவாகும். விண்டோஸ் 8 முதல், எஸ்எஸ்டி என்று அடையாளம் கண்டால், அதே சாளரம் வழக்கமான டிஃப்ராக்குக்குப் பதிலாக டிரிம் அனுப்புகிறது. அதை அதன் போக்கில் விட்டுவிடலாம்.

5. "பென்டிரைவில் இடம் இருக்கிறது, ஆனால் தேரோட்ட வீடியோ ஏற மாட்டேன் என்கிறது. பென்டிரைவ் கெட்டுப்போய்விட்டதா?"

கெடவில்லை. அது ஃபேட்32 முறையில் இருக்கிறது; அதில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரை நிலையத்திலிருந்து நிலையம் சேரும்வரை ஒரே கோப்பாக எடுத்து வைத்தால் எந்த ஃபேட்32-இலும் ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். மைக்ரோசாஃப்ட் 2006-இல் ஃபிளாஷ் சாதனங்களை மனத்தில் வைத்து வெளியிட்ட முறை அது; விண்டோஸ், மேக், இன்றைய லினக்ஸ் எல்லாம் படிக்கும். பழைய டிவிகளும் காரில் உள்ள பாட்டுப் பெட்டிகளும் சில நேரம் ஃபேட்32 மட்டுமே படிக்கும் என்பதால், பாட்டுக்கு மட்டும் வைத்திருக்கும் பென்டிரைவை மாற்ற வேண்டாம்.

6. "கேமரா கார்டை லேப்டாப்பில் பார்மட் செய்தால் என்ன?"

வேலை செய்யும், ஆனால் கேமராவிலேயே செய்வது மேல். எஸ்டி கார்டின் கண்ட்ரோலர் சிறியது. அட்டவணை இருக்கும் முன்பகுதி அடிக்கடி எழுதப்படும், மற்றப் பகுதியில் பெரிய கோப்புகள் வரிசையாக எழுதப்படும் என்ற எதிர்பார்ப்போடு அது வடிவமைக்கப்பட்டிருக்கும். பிரிவு எங்கே தொடங்குகிறது என்பது சிப்பின் பிளாக் எல்லையோடு பொருந்தாவிட்டால், ஒரு பிளாக்கில் முடிய வேண்டிய எழுத்து இரண்டு பிளாக்குகளைத் தொடும். எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் பார்மட்டர் மென்பொருளும் அந்த எல்லையைச் சரியாக வைக்கும்.

7. "சேஃப்லி ரிமூவ் கொடுக்காமல் பிடுங்கினால் என்ன ஆகிவிடும்?"

2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், வெளிச் சாதனங்களுக்கு எழுத்தைத் தேக்கி வைக்காத அமைப்பே இயல்பாக இருக்கிறது. ஆகவே சும்மா இருக்கும் பென்டிரைவைப் பிடுங்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஃபேட்32-இலும் எக்ஸ்ஃபேட்டிலும் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டிக் குறிக்கும் ஏடு; 12-ஆம் கேள்வி) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அட்டவணை பாதியில் நிற்கும். லினக்ஸில் கட்டாயம் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

8. "காசு கொடுத்து வாங்கிய இடத்தில் ஏன் காலியாக விடச் சொல்கிறீர்கள்?"

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு பிளாக்கில் 256 பக்கங்கள் என்று வைத்துக்கொள்வோம். எஸ்எஸ்டி நிரம்பி வழியும் நிலையில், கண்ட்ரோலர் துடைக்க எடுக்கும் பிளாக்கில் 200 பக்கங்களில் வேண்டிய தகவல் இருக்கிறது. அந்த 200-ஐயும் வேறிடத்தில் பெயர்த்து எழுதினால்தான் 56 பக்கங்கள் நமக்குக் கிடைக்கும். நாம் எழுதுவது 56. சிப்பில் எழுதப்படுவது 256. நான்கரை மடங்குக்கும் மேல். போதிய காலியிடம் இருந்து, எடுக்கும் பிளாக்கில் 64 பக்கங்கள் மட்டும் உயிரோடு இருந்தால், 192 பக்கங்கள் கிடைக்கும். 256-ஐ 192-ஆல் வகுத்தால் ஒன்றே கால் மடங்குக்குச் சற்று மேல். எஸ்எஸ்டி அதேதான், தேய்மானம் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

தயாரிப்பாளர்களே கொஞ்சம் ஒதுக்கித்தான் விற்கிறார்கள். சிப்பில் ஒரு ஜிபி என்பது இரண்டின் 30-ஆம் அடுக்கு. விற்கும் பெட்டியின் அட்டையில் ஒரு ஜிபி என்பது நூறு கோடி பைட். இந்த வேறுபாடான ஏழு சதவீதத்துக்குச் சற்று மேல் உள்ள இடத்தைக் கண்ட்ரோலர் தன் வேலைக்கு வைத்துக்கொள்கிறது. அதற்கு மேல் பத்து முதல் இருபது சதவீதம் வரை நீங்கள் காலியாக வைத்தால் போதும். டிரிம் ஓடினால்தான் அந்தக் காலியிடம் காலியிடமாகக் கணக்கில் வரும் என்பதை 3-ஆம் கேள்வியோடு சேர்த்துப் படிக்கவும்.

9. "காப்பி செய்ய ஆரம்பிக்கும்போது பறக்கிறது, பாதியில் நொண்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?"

ஏமாற்று அல்ல. டிஎல்சி, கியூஎல்சி எஸ்எஸ்டிகள் தம் செல்களில் ஒரு பகுதியை ஒரு பிட் முறையில் வைத்து, வரும் தகவலை முதலில் அங்கே வேகமாக வாங்கிக்கொள்கின்றன. அந்த இடம் நிறைந்ததும் உண்மையான வேகம் தெரிகிறது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் உள்ளே பெயர்த்து எழுதிவிட்டு மறுபடி பறக்கும். எஸ்எஸ்டி நிறைய நிறைய இந்த வேக இடமும் சுருங்குவது பல மாடல்களில் உண்டு.

10. "ஸ்வாப்பையும் பிரவுசர் கேஷையும் நிறுத்தினால் ஆயுள் கூடும் என்கிறார்களே?"

ரேம் போதாதபோது தகவலைத் தற்காலிகமாக எஸ்எஸ்டியில் எழுதி வைப்பது ஸ்வாப்; பார்த்த இணையப் பக்கங்களைச் சேமித்து வைப்பது கேஷ். இவற்றை நிறுத்தினால் ஆயுள் கூடும், ஆனால் உங்களுக்குத் தேவைப்படாத ஆயுள். 300 டிபி வரை எழுதலாம் என்று உறுதி தரப்பட்ட ஓர் எஸ்எஸ்டியில் நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினால் 15,000 நாள், அதாவது 41 ஆண்டு வருகிறது. அதற்குள் மடிக்கணினியின் கீல் உடைந்திருக்கும். ரேம் குறைவாக உள்ள கணினியில் ஸ்வாப்பை அணைத்துவிட்டு, எழுதிக்கொண்டிருந்த மென்பொருள் திடீரென்று மூடிக்கொள்வதைச் சகித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

11. "வயலில் வைத்த ராஸ்பெர்ரி பை மூன்று மாதத்துக்கு ஒரு கார்டைத் தின்கிறது. கார்டு மட்டமானதா?"

இதைக் கொண்டுவந்தவர்கள் அம்பாசமுத்திரம் பக்கத்து மாணவர்கள். பிசான நெல் வயலில் மண்ணின் ஈரத்தையும் வெப்பத்தையும் அளந்து பதியும் ஒரு பெட்டியை, ராஸ்பெர்ரி பை என்ற, மெமரி கார்டிலிருந்து இயங்கும் சிறு கணினியை உள்ளே வைத்து, வரப்பின் ஓரத்தில் நட்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்தபோது கார்டைச் சுற்றி ஒரு பொட்டு ஈரம் இல்லை. துடைத்து வைத்தது போல இருந்தது. குறை அவர்கள் எழுதிய நிரலில் இருந்தது. நொடிக்கு ஒரு முறை, சுமார் 40 பைட் உள்ள ஒரு வரியைக் கோப்பில் சேர்த்து, உடனே கார்டுக்கு அனுப்பும்படி ஒவ்வொரு முறையும் கட்டாயப்படுத்தியிருந்தார்கள்.

ஒரு நாளில் 86,400 வரிகள். மொத்தத் தகவல் மூன்றரை எம்பிகூட இல்லை. ஆனால் 40 பைட்டைத் தனியாக எழுத வழியில்லை. அந்த வரி இருக்கும் 4 கேபி துண்டு, கோப்பின் நீளமும் நேரமும் குறித்த ஐநோடு, ஜர்னலில் அதற்கான பதிவு என்று ஒவ்வொரு வரிக்கும் குறைந்தது 16 கேபி போகிறது என்று கொண்டால், நாளொன்றுக்கு 1.3 ஜிபிக்கு மேல். அதாவது உள்ளதைப் போல நானூறு மடங்கு. அதன் மேல் கண்ட்ரோலர் தன் பங்குக்குச் செய்யும் பெயர்ப்பு வேறு (8-ஆம் கேள்வி). எஸ்டி கார்டின் எளிய கண்ட்ரோலரில் சிறு சிறு எழுத்துகளுக்கு அந்த மடங்கு மிகவும் ஏறும்.

வரிகளை ரேமில் சேர்த்து வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மொத்தமாக எழுதும்படி மாற்றினோம். 600 வரிகள் சேர்ந்தால் 24,000 பைட். ஆறு துண்டுகளில் அடங்கிவிடும். மின்சாரம் போனால் கடைசிப் பத்து நிமிடம் போகும். மண் ஈரம் பத்து நிமிடத்தில் ஒன்றும் மாறிவிடாது என்பதால் அதை ஏற்றுக்கொண்டோம். இயக்க முறைமை இருக்கும் பிரிவைப் படிக்க மட்டும் என்று பூட்டி, மாற்றங்கள் ரேமில் தங்கும் ஓவர்லே முறையையும் போட்டோம். ராஸ்பெர்ரி பையின் அமைப்புப் பட்டியலிலேயே அது இருக்கிறது. சிசிடிவிக்கு விற்கும், அதிகம் எழுதத் தாங்கும் கார்டு வாங்கலாமா என்றும் கேட்டார்கள். வாங்கலாம், ஆனால் நிரலைத் திருத்தாமல் வாங்கினால் அதுவும் சீக்கிரமே தீர்ந்துபோகும்.

12. "நோஏடைம் போடு, ஜர்னலை அணை என்று யூடியூபில் சொல்கிறார்கள். போடவா, அணைக்கவா?"

முதலாவதைப் போடலாம், இரண்டாவதை வேண்டாம். ஒரு கோப்பைப் படித்த நேரத்தைக்கூடக் குறித்து வைக்கும் பழக்கம் யூனிக்ஸ் வழிவந்த கோப்பு முறைமைகளுக்கு உண்டு. படிப்பதே ஓர் எழுத்தாகிவிடும். அதை நிறுத்துவதுதான் நோஏடைம். ஆனால் 2009-இல் வந்த 2.6.30 கெர்னல் முதலே, அந்தக் குறிப்பைப் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறைக்கு மேல் புதுப்பிக்காத ரெல்ஏடைம் இயல்பாக இருப்பதால், கிடைக்கும் லாபம் சிறியது.

ஜர்னல் என்பது, செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டிக் குறித்து வைக்கும் ஏடு. மின்சாரம் நடுவில் போனால், அந்த ஏட்டைப் பார்த்துத்தான் கோப்பு முறைமை தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாளைக்கு நான்கு முறை மின்சாரம் போகும் ஊரில் இருந்துகொண்டு அதை அணைப்பது, மழைக்காலத்தில் கையிலிருக்கும் ஒரே குடையை விற்றுவிடுவதற்குச் சமம். எழுத்தைக் குறைக்க வேண்டுமென்றால், ஈஎக்ஸ்டி4 இயல்பாக 5 நொடிக்கு ஒரு முறை எழுதித் தீர்ப்பதை 30 அல்லது 60 நொடியாக நீட்டலாம். அந்த அளவு தகவல் போகத் துணிய வேண்டும், அவ்வளவுதான். 11-ஆம் கேள்வியில் சொன்னதுபோல நிரலே கட்டாயப்படுத்தி எழுதினால் இந்த நீட்டிப்பு பலிக்காது.

13. "ஃபிளாஷுக்கென்றே எஃப்2எஃப்எஸ் இருக்கிறதே, எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடலாமா?"

சாம்சங் 2012-இல் வெளியிட்டு, 2013-இல் லினக்ஸ் 3.8 கெர்னலில் சேர்ந்த கோப்பு முறைமை அது. பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் உள்ளே இருப்பதும் அதுதான். பழையதைத் தொடாமல், புதியதை எப்போதும் வரிசையின் முனையில் சேர்த்துக்கொண்டே போகும் பதிவேட்டு முறை அதன் அடிப்படை. அந்த எண்ணம் புதியதல்ல. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரோசன்பிளமும் ஔஸ்டர்ஹவுட்டும் 1990-களின் தொடக்கத்திலேயே ஹார்ட் டிஸ்க்குக்காக அதைச் செய்துகாட்டினார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு துண்டு இடம் மாறினால், அதன் முகவரியைச் சுமக்கும் துண்டும் மாற வேண்டும். பிறகு அதைச் சுமப்பதும் மாற வேண்டும். இப்படி மேலே மேலே போகும். எஃப்2எஃப்எஸ் நடுவில் ஒரு முகவரி அட்டவணையை நிலையான இடத்தில் வைத்து, மாற்றம் அங்கேயே நின்றுவிடும்படி செய்தது. அடிக்கடி மாறுவதையும் எப்போதாவது மாறுவதையும் ஆறு வரிசைகளாகப் பிரித்து எழுதுகிறது. ஒன்றாகச் சாகும் பக்கங்கள் ஒன்றாக இருந்தால் துடைக்கும்போது சுமை குறைவு.

சிறு எழுத்துகள் மிகுந்த கார்டுக்கும், எளிய கண்ட்ரோலர் உள்ள சாதனத்துக்கும் இது பொருந்தும். நல்ல எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினியில் ஈஎக்ஸ்டி4-ஐ மாற்றச் சொல்ல மாட்டேன். கண்ட்ரோலரே பதிவேட்டு முறையில்தான் எழுதுகிறது, பழுது பார்க்கும் கருவிகளும் ஈஎக்ஸ்டி4-க்குத்தான் அதிகம் தேறியவை. கண்ட்ரோலரே இல்லாமல் வெறும் சிப்பை நேரடியாக வைத்திருக்கும் வைஃபை ரவுட்டர் போன்றவை வேறு கதை: அங்கே நோக்கியாவும் ஹங்கேரியின் செகெட் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கி 2008-இல் லினக்ஸில் சேர்ந்த யூபிஐஎஃப்எஸ் போன்றவைதான் பொருந்தும், தேய்மானத்தைக் கோப்பு முறைமையின் தரப்பிலேயே கவனிக்க வேண்டும்.

14. "லினக்ஸில் டிரிம்மை உடனுக்குடன் அனுப்புவதா, வாரத்துக்கு ஒரு முறையா?"

வாரத்துக்கு ஒரு முறை. டிஸ்க்கை இணைக்கும்போது தரும் டிஸ்கார்ட் என்ற மவுன்ட் விருப்பத்தைப் போட்டால், ஒவ்வொரு அழிப்புக்கும் கட்டளை போகும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அழிக்கும்போது சில எஸ்எஸ்டிகள் திணறும். எஃப்எஸ்டிரிம் என்ற கட்டளை காலியிடம் முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். உபுண்டு 14.04 முதல் அதை வாரந்தோறும் தானாகவே ஓட்டுகிறது. லக்ஸ் முறையில் மறையாக்கம் செய்த டிஸ்க்குக்கு மட்டும் கவனம் தேவை: டிரிம் கடந்து போக நீங்கள் தனியாக அனுமதி தர வேண்டும், தந்தால் எந்தப் பகுதி காலி என்பது வெளியே தெரியும். வீட்டுக் கணினியில் அது பெரிய இழப்பு அல்ல என்பது என் கருத்து.

15. "தெரியாமல் கல்யாணப் படத்தை அழித்துவிட்டோம். மீட்டுத் தர முடியுமா?"

கேமரா கார்டு என்றால், அதில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல் கொண்டுவந்தால், பெரும்பாலும் முடியும். கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை மிகக் குறைவு. 3-ஆம் கேள்வியில் வேகத்துக்காகப் பாராட்டிய டிரிம், இங்கே பழைய பக்கங்களைத் துடைக்கக் கொடுத்துவிட்டிருக்கும். அழித்தது தெரிந்ததும் மின்சாரத்தை நிறுத்துவது ஒன்றே செய்யக்கூடியது. அப்படியும் நான் வாக்குக் கொடுப்பதில்லை.

16. "விற்பதற்கு முன் ஏழு முறை மேலெழுதி அழித்தேன். போதும்தானே?"

ஏழு முறை எழுதியது ஆயுளைத்தான் குறைத்தது. மேலெழுதுவது என்பதே இங்கே இல்லை (1, 2-ஆம் கேள்விகள்). கண்ட்ரோலர் ஒதுக்கி வைத்த பிளாக்குகளில் பழைய துணுக்குகள் இன்னும் இருக்கலாம். எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் செக்யூர் இரேஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். பல மதர்போர்டுகளின் பயாஸ் பட்டியலிலேயே அது கிடைக்கும். வாங்கிய அன்றே மறையாக்கம் செய்துவிட்டால் விற்கும் நாளில் திறவுகோலை அழித்தால் போதும்.

17. "படங்களை எஸ்எஸ்டியில் ஏற்றிப் பீரோவில் வைத்துவிட்டேன். பத்து வருடம் இருக்குமா?"

அதற்கான சாதனம் அதுவல்ல. செல்லில் அடைத்து வைத்த மின்னூட்டம் மெல்லக் கசியும். வெப்பம் கூடக் கூடக் கசிவும் கூடும். எழுதும் ஆயுளை முடித்துவிட்ட ஒரு வீட்டு எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓர் ஆண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான், சிப்புகளுக்குத் தர அளவுகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வைத்த அளவு. புதிய எஸ்எஸ்டி அதைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் மாடி அறையின் இரும்புப் பீரோவுக்குள் 30 டிகிரி என்பது நம் ஊரில் இல்லாத பேச்சு. கோப்பு முறைமையில் எந்த அமைப்பை மாற்றினாலும் இதற்குப் பரிகாரம் இல்லை. படங்களின் ஒரு பிரதியை ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். எஸ்எஸ்டியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை செருகி, எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை முழுதாகப் படிக்கச் செய்து, திறக்காத படம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.